ரிமினியிலிருந்து எங்கே போகலாம்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜூன் கடைசி வாரம் இத்தாலியின் ரிமினி கடற்கரையில் ஏழு இரவுகள் தங்கப்போகிறோம். நான், கணவர், பதினொரு வயது மகன், என் அப்பா, அம்மா. ஹோட்டல் மரீனா சென்த்ரோ பகுதியில். காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் வாடகையிலேயே சேர்ந்தது. வெளியே கூட்டிப்போகும் பயணங்கள் என்று ஹோட்டலிலிருந்து ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். வெனிஸ் முழுநாள், சான் மரீனோ அரைநாள், ராவென்னா அரைநாள், ஊர்பினோ, பொலோன்யா, இரவில் படகில் ஒரு சுற்று. எல்லாம் அவர்களுடைய பஸ் ஏற்பாடு.

கணவருக்கு வெனிஸ் பார்த்தே ஆகவேண்டும். அப்பாவுக்கு மூட்டுவலி, ஏற்றம் ஆகாது. அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். மகனோ கடலை விட்டு எங்கும் வரமாட்டேன் என்கிறான். எதை எடுப்பது, எதை விடுவது? ஹோட்டல் பஸ்ஸில் போவதா, நாங்களே ரயிலில் போவதா? திரும்பும் விமானம் பொலோன்யாவிலிருந்து, இரவு.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

ஏழு இரவு என்றால் கையில் கிடைப்பது ஆறு முழுநாட்கள். அவற்றில் ராவென்னாவுக்கு ஒரு முழுநாள், சான் மரீனோவுக்கு ஒரு காலைப்பொழுது, உங்கள் பட்டியலில் இல்லாத ரிமினி பழைய நகரத்துக்கு ஒரு காலைப்பொழுது. இவ்வளவு போதும். வெளியே போன நாளுக்கு அடுத்த நாளைக் கடலுக்கு விட்டுவிடுங்கள். மகனிடமும் முதலிலேயே அப்படிச் சொல்லிவிட்டால் தகராறு இருக்காது. ஜூன் கடைசியில் அங்கே இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். காலையில் போய் மதியம் திரும்பினாலும் ஐந்தாறு மணி நேரம் கடலில் கிடைக்கும்.

வெனிஸை ரிமினியிலிருந்து ஒருநாள் பயணமாகப் போகாதீர்கள். இதை உங்கள் கணவர் படிப்பார் என்பதால் காரணத்தை விவரமாகச் சொல்கிறேன். ரயிலில் போனால் பொலோன்யாவில் வண்டி மாறவேண்டும்; போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். ஹோட்டல் பஸ்ஸில் இன்னும் கூடும். கடற்கரை ஓரமாக நீண்டு கிடக்கும் ஹோட்டல்களில் ஒவ்வொன்றாக நின்று ஆளேற்றுவதிலேயே முதல் ஒரு மணி நேரம் போய்விடலாம். பஸ் வெனிஸ் தீவுக்குள் போகாது; விளிம்பில் இறக்கிவிட்டு, அங்கிருந்து படகில் சான் மார்கோ சதுக்கத்துக்குக் கொண்டுபோவார்கள். நீங்கள் அங்கே நிற்பது காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை. ஒரு நாளில் வெனிஸில் கூட்டம் மிக நெருக்கமாக இருக்கும் நேரமும் அதுதான். ஒருநாள் பயணிகளுக்கு 2024 முதல் நுழைவுக் கட்டணமும் வந்துவிட்டது. ஏப்ரலிலிருந்து கோடை வரை குறிப்பிட்ட நாட்களில், காலை எட்டரை முதல் மாலை நான்கு வரை ஊருக்குள் நுழைபவர்கள் கட்டவேண்டும். முன்கூட்டியே பதிந்தால் ஐந்து யூரோ, கடைசி நேரத்தில் பத்து. அங்கே இரவு தங்குபவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை.

வெனிஸ் அழகாக இருப்பது காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பின்பும். ஆகவே கணவர் விடமாட்டார் என்றால் ரிமினியில் இரண்டு இரவைக் குறைத்து, கடைசி இரண்டு இரவை வெனிஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பொலோன்யாவுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான், விமானத்துக்குத் தடையில்லை. அது முடியாதென்றால் வெனிஸை இன்னொரு பயணத்துக்கு வைத்துவிடுவதே நல்லது. மூட்டுவலி உள்ள பெரியவரை ஏழெட்டு மணி நேரம் வண்டியில் உட்காரவைத்து, படிக்கட்டுப் பாலங்கள் நிறைந்த ஊரில் ஐந்து மணி நேரம் நடக்கவைப்பது சரியல்ல.

ராவென்னா அப்படியல்ல. அந்த ஊர் தரைமட்டம். ஏற்றமே இல்லை. ரயில் நிலையத்திலிருந்து முக்கியமான இடங்கள் எல்லாம் கால்மணி நடைக்குள் அடங்கும். 402-இல் பேரரசர் ஹொனோரியஸ் மிலானிலிருந்து தலைநகரை இங்கே மாற்றியதற்குக் காரணம் சுற்றிலும் இருந்த சதுப்பு நிலமும் பக்கத்திலிருந்த துறைமுகமும். படையெடுத்து வருபவனுக்கு வழி கிடைக்காது. மேற்கு ரோமப் பேரரசின் கடைசித் தலைநகர் அது. பிறகு கோத் மன்னன் தியோடரிக்கின் தலைநகர், 540 முதல் 751 வரை பைசாண்டியத்தின், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், இத்தாலியத் தலைமையிடம். அப்புறம் கடல் பின்வாங்கியது, துறைமுகம் தூர்ந்தது, ஊர் ஒதுங்கிப்போனது. அப்படி ஒதுங்கியதால்தான் ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டுச் சுவர்கள் இடிபடாமல் மிஞ்சின. எட்டுக் கட்டடங்கள் 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

அங்கே பார்க்கப்போவது மொசைக். நம் வீடுகளில் தரையில் போடும் மொசைக்கை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது சுவரிலும் கூரையிலும் பதித்த, விரல்நகம் அளவுக் கண்ணாடித் துண்டுகள். பொன்னிறத் துண்டுகளில் இரண்டு கண்ணாடிப் படலங்களுக்கு நடுவே மிக மெல்லிய தங்கத் தகடு இருக்கும். எல்லாத் துண்டையும் ஒரே மட்டத்தில் பதிக்காமல் ஒவ்வொன்றையும் சற்றுச் சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். அதனால் ஓரிடத்தில் நின்று பார்ப்பதைவிட இரண்டடி இடமும் வலமும் நகர்ந்து பார்க்கவேண்டும். ஒவ்வொரு அடிக்கும் ஒளி வேறு துண்டுகளுக்குப் போகும். படம் எடுத்தால் இது பிடிபடாது. ஒரு சிறிய பைனாகுலர் கொண்டுபோங்கள். சாந்தப்பொலினாரே நுவோவோவில் மேல்வரிசைச் சித்திரங்கள் மிக உயரத்தில் இருக்கின்றன. வெறுங்கண்ணுக்கு அவை வண்ணப்புள்ளிகளாகவே தெரியும்.

ஒழுங்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ரிமினியிலிருந்து காலை எட்டு மணியை ஒட்டிய ரயில். பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இறங்கி ஐந்து நிமிட நடையில் முதல் கோவில், சாந்தப்பொலினாரே நுவோவோ. தியோடரிக் கட்டியது. உள்ளே நுழைந்து பீடத்தைப் பார்த்து நின்றால் இடச்சுவரில் இருபத்திரண்டு கன்னியர் ஊர்வலம், வலச்சுவரில் இருபத்தாறு தியாகியர் ஊர்வலம். வலச்சுவரின் தொடக்கத்தில், வாசல் பக்கத்திலேயே, தியோடரிக்கின் அரண்மனை இருக்கிறது. அதன் தூண்களுக்கு நடுவே திரைகள் தொங்கும். அங்கே முன்பு தியோடரிக்கின் ஆட்கள் நின்றிருந்தார்கள். பைசாண்டியர் ஊரைப் பிடித்தபின் அந்த உருவங்களைப் பெயர்த்து எடுத்துத் திரைகளைப் பதித்துவிட்டார்கள். ஆனால் தூண்களின் மேல் நீண்டிருந்த கைகளை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். ஆளில்லாத கைகள் இன்றும் தூண்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மகனிடம் இடத்தைச் சொல்லாமல், எத்தனை கைகள் என்று தேடச் சொல்லுங்கள்.

அங்கிருந்து கல்லா பிளாசிடியா சமாதிக் கட்டடம். இதற்கும் நியோனியன் ஞானஸ்நான மண்டபத்துக்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்யவேண்டும். இரண்டும் மிகச் சிறிய கட்டடங்கள். உள்ளே ஐந்து நிமிடம்தான் விடுவார்கள். இங்கேதான் பலருக்கும் பார்வை தவறிப்போகிறது. வெளியே ஜூன் வெயில், உள்ளே ஜன்னல்களில் அலபாஸ்டர் கல்தகடுகள் வழியே வரும் மங்கிய மஞ்சள் ஒளி. கண் பழகவே மூன்று நான்கு நிமிடம் ஆகும், அதற்குள் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். ஆகவே முறை வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிழலில் நில்லுங்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணாடியைக் கழற்றி நேராக மேலே பாருங்கள். கருநீலக் கூரையில் பொன் விண்மீன்கள், நடுவில் சிலுவை. பிறகு திரும்பி, வந்த வாசலுக்கு மேலே நல்ல மேய்ப்பனாக இயேசு. அதற்கு எதிரே இரும்புத் தட்டியும் தீயும், பக்கத்தில் புத்தக அலமாரியும். இந்த வரிசையில் பார்த்தால் ஐந்து நிமிடம் போதும். நிலம் உள்வாங்கியதால் இந்தக் கட்டடத்தின் தளத்தை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயர்த்தியிருக்கிறார்கள். கூரை இவ்வளவு அருகில் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். கல்லா பிளாசிடியா பேரரசர் தியோடோசியஸின் மகள். 450-இல் ரோமில் இறந்தார். இங்கே அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அதே வளாகத்தில் சான் விதாலே. 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட எண்கோணக் கோவில். இதற்கு நேரக்கட்டு இல்லை, ஆகவே அவசரப்படவேண்டாம். பீடத்தின் பின்சுவரைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் பைசாண்டியப் பேரரசர் ஜஸ்டினியனும் பரிவாரமும், வலப்பக்கம் பேரரசி தியோடோராவும் தோழியரும். இருவருமே ராவென்னாவுக்கு வந்ததில்லை. தியோடோராவின் அங்கி விளிம்பில், பொன் நூலில் தைத்தது போல, குழந்தை இயேசுவுக்குக் காணிக்கையோடு வரும் மூன்று ஞானிகள் இருப்பதைப் பைனாகுலரில் பாருங்கள். அப்பா உட்கார உள்ளே இடம் உண்டு. நான் உங்களிடத்தில் இருந்தால் இந்தக் கோவிலுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குவேன்.

மதிய உணவுக்குப் பின் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் சமாதி. 1321-இல் நாடுகடத்தப்பட்ட நிலையில் இங்கேயே இறந்தார். ஃபிளாரன்ஸ் தன் கவிஞனின் எலும்புகளைத் திரும்பக் கேட்டபோது பிரான்சிஸ்கன் துறவிகள் அவற்றை ஒளித்துவைத்துவிட்டார்கள். 1865-இல்தான் மறுபடி கிடைத்தன. சமாதிக்குள் எரியும் விளக்குக்கு ஆண்டுதோறும் செப்டம்பரில் ஃபிளாரன்ஸிலிருந்து எண்ணெய் வருகிறது. பக்கத்திலேயே சான் பிரான்செஸ்கோ கோவில். அதன் நிலவறையில் நிலத்தடி நீர் ஏறி நிற்கிறது. பழைய மொசைக் தளத்தின் மேலே தங்கமீன்கள் நீந்துகின்றன. பெட்டியில் ஒரு யூரோ போட்டால் விளக்கு எரியும். மகனுக்கு இது பிடித்துப்போகும். கடைசியாக நியோனியன் மண்டபம். அப்புறம் ரயில் நிலையம்.

ஒரு எச்சரிக்கை. ரிமினி–ராவென்னா பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் வண்டி தாமதித்தால் நம் வண்டியும் ஒரு நிலையத்தில் காத்து நிற்கும். ஆகவே ரயில் சேரும் நேரத்துக்கும் முதல் முன்பதிவு நேரத்துக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். நேரம் தவறினால் அன்றைக்கே வேறு நேரம் கிடைப்பது கடினம். சாந்தப்பொலினாரே நுவோவோ, கல்லா பிளாசிடியா, சான் விதாலே, நியோனியன் மண்டபம் உட்பட ஐந்து இடங்களுக்கு ஒரே சேர்ப்பு டிக்கெட். மறைமாவட்டத்தின் இணையதளத்தில் வாங்கலாம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முறைதான் நுழைவு. தியோடரிக்கின் சமாதி, ஊருக்குத் தெற்கே ஐந்து கிலோமீட்டரில் உள்ள கிளாஸே கோவில் இரண்டும் அரசின் பொறுப்பில் உள்ளவை, அவற்றுக்குத் தனி டிக்கெட். தியோடரிக்கின் சமாதிக்குக் கூரையாக இருப்பது இருநூறு டன்னுக்கு மேற்பட்ட ஒற்றைக் கல் என்பதை அறிவேன்; இருந்தாலும் ஒரே நாளில் இவை இரண்டையும் சேர்க்காதீர்கள். கிளாஸே மட்டும் வேண்டுமென்றால், ரிமினியிலிருந்து வரும் ரயில்களில் சில கிளாஸேயிலேயே நிற்கும், கோவில் அருகில்தான். கால அட்டவணையில் பார்த்து, காலையில் அங்கே இறங்கி, அடுத்த வண்டியிலோ நகரப் பேருந்திலோ ராவென்னாவுக்குப் போகலாம்.

ஹோட்டல் பஸ்ஸா, ரயிலா என்ற கேள்விக்கு ராவென்னாவை வைத்தே பதில் சொல்லிவிடலாம். உங்கள் பட்டியலில் அது அரைநாள். வழியில் ஆளேற்றும் நேரத்தையும் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நடக்கும் நேரத்தையும் கழித்தால் இரண்டு கோவில்கள் பார்க்கலாம். ரயிலில் ஒருவருக்கு ஒரு வழிக்கு ஐந்தாறு யூரோ, நாள் முழுக்க உங்களுடையது. பஸ் எடுப்பதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். வழிகாட்டி பேசும் மொழி எது? பெரும்பாலும் இத்தாலியனும் ஜெர்மனும்தான் இருக்கும். நுழைவு டிக்கெட் சேர்ந்ததா? நம் ஹோட்டல் ஏற்றும் வரிசையில் முதலா கடைசியா? குறைந்தபட்ச ஆள் சேராவிட்டால் எப்போது சொல்வீர்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். முதல்நாள் இரவு எட்டு மணிக்கு ரத்து என்று சொன்னால் உங்கள் நாள் வீணாகிவிடும்.

ரயில் டிக்கெட்டில் சுற்றுலாப் பயணிகள் அபராதம் கட்டுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். வட்டார ரயிலுக்கான காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை குத்தவேண்டும். டிக்கெட் வாங்கியாயிற்றே என்று நேராக ஏறிவிட்டால் செல்லாது. போனில் வாங்கியிருந்தால் ஏறுவதற்கு முன் செயலியில் செக்-இன் அழுத்தவேண்டும், அதையும் மறக்கிறார்கள். வேலைநிறுத்தம் அங்கே முன்கூட்டியே அறிவிக்கப்படும். வேலைநாட்களில் நிறுத்தம் நடந்தாலும் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் ஓடியாகவேண்டும் என்பது விதி. ஹோட்டல் வரவேற்பில் முதல்நாளே விசாரித்து வையுங்கள்.

சான் மரீனோவுக்கு ரயில் கிடையாது. 1932-இல் ஒரு பாதை போட்டார்கள், போரில் 1944-இல் நின்றது, மறுபடி முழுமையாக ஓடவில்லை. ரிமினி ரயில் நிலையத்துக்கு எதிரிலிருந்து பஸ் போகிறது. ஐம்பது நிமிடம், ஒரு வழிக்கு ஆறு யூரோ அளவில். முதல் அல்லது இரண்டாம் பஸ்ஸில் போங்கள், இருபது நிமிடம் முன்னால் போய் வரிசையில் நில்லுங்கள். நிறைந்துவிட்டால் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கவேண்டும். காலையில் போவதற்கு இன்னொரு காரணம் காட்சி. மதியத்துக்குமேல் கோடைப் புழுக்கத்தில் மூட்டம் ஏறிவிடும். காலையில் மலைமேலிருந்து ரிமினியின் கடற்கரை நீளமாக விரிந்து தெரியும். இறங்கியதுமே திரும்பும் பஸ் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு என்று அங்குள்ள பலகையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இது தனி நாடு. இத்தாலிக்குள் இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. எல்லையில் சோதனைச் சாவடி இல்லை, பணம் யூரோதான். ஆனால் போன் விஷயத்தில் கவனம் வேண்டும். ஐரோப்பா முழுமைக்கும் என்று விற்கும் சிம் திட்டங்களில் சான் மரீனோ சேராமல் இருக்கலாம். பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பஸ்ஸில் ஏறும்போதே டேட்டாவை அணைத்துவிடுங்கள். சுற்றுலா அலுவலகத்தில் ஐந்து யூரோவுக்குப் பாஸ்போர்ட்டில் அலங்கார முத்திரை குத்திக் கொடுப்பார்கள். ஷெங்கன் விசா ஒட்டிய பாஸ்போர்ட்டில் அது எதற்கு? மகன் ஆசைப்பட்டால் அங்கேயே ஒரு தபால் அட்டையும் சான் மரீனோவின் சொந்தத் தபால்தலையும் வாங்கிக் கொடுங்கள்.

மலை செங்குத்து. தீத்தானோ மலையின் உச்சி எழுநூறு மீட்டருக்கு மேல். மூன்று கோபுரங்கள் வரிசையாக விளிம்பில் நிற்கின்றன: குவாய்த்தா, செஸ்தா, மொந்தாலே. அப்பாவை விடுதலைச் சதுக்கம் வரை கூட்டிப்போங்கள், அதற்குமேல் வேண்டாம். அங்கே அரசு மாளிகை, உட்கார இடம், மறுபக்கம் அப்பெனைன் மலைகளின் பார்வை எல்லாம் உண்டு. அம்மாவும் அப்பாவும் அங்கே இருக்க, நீங்கள் மூவரும் குவாய்த்தாவுக்கும் அங்கிருந்து விளிம்புப் பாதை வழியே செஸ்தாவுக்கும் போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகும். செஸ்தாவுக்குள் பழைய ஆயுதங்களின் காட்சியகம் இருக்கிறது. மூன்றாவது கோபுரத்துக்குள் போகமுடியாது; தூரத்திலிருந்து பார்த்தால் போதும். குவாய்த்தாவின் கடைசிப் படிகள் ஏணி மாதிரி இருக்கும், கையில் பை வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். மேலேயும் கீழேயும் போகும் தெருக்களில் வாசனைத் திரவியம், தோல் பை, பொம்மைத் துப்பாக்கி என்று கடைகள்தான் நிறைய. குழுப் பயணங்களில் பாதி நேரம் அவற்றில் கழியும். நீங்களாகப் போனால் ஒரு மணிக்கெல்லாம் திரும்பும் பஸ்ஸில் இருக்கலாம்.

இனி ரிமினி. கடற்கரை ஹோட்டல்களில் வாரக்கணக்கில் தங்கிவிட்டு, ரயில் தண்டவாளத்துக்கு அந்தப்புறம் இரண்டாயிரம் ஆண்டு ஊர் ஒன்று இருப்பதைப் பார்க்காமல் திரும்புபவர்கள் ஏராளம். எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம் அது. மரீனா சென்த்ரோவிலிருந்து இருபது நிமிட நடை. வேண்டாமென்றால் கடற்கரைச் சாலையில் ஓடும் 11-ஆம் எண் பஸ். ரோமிலிருந்து வந்த ஃபிளாமினியா சாலை முடியும் இடத்தில் கி.மு. 27-இல் எழுப்பிய அகஸ்டஸ் வளைவு. அங்கிருந்து நேர்த்தெருவில் ஒரு கிலோமீட்டருக்குள் தைபீரியஸ் பாலம்; எமிலியா சாலை தொடங்கும் இடம். அகஸ்டஸ் காலத்தில் கி.பி. 14-இல் தொடங்கி தைபீரியஸ் காலத்தில் 21-இல் முடித்தார்கள். ஐந்து வளைவுகள், இஸ்திரியா வட்டாரத்து வெள்ளைக் கல். 1944-இல் பின்வாங்கிய ஜெர்மன் படை தகர்க்கப் பார்த்தும் விழாத பாலம். தெரு முழுக்கச் சமதரை, அப்பாவுக்குச் சிரமமில்லை.

நடுவில் ஃபெராரி சதுக்கத்தில் அறுவை மருத்துவரின் வீடு. 1989-இல் கிடைத்தது, 2007-இல் திறந்தார்கள். மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் தீப்பிடித்துச் சரிந்த வீடு. சரிவுக்குள்ளே நூற்றைம்பது அளவிலான அறுவைக் கருவிகள் அப்படியே அகப்பட்டன. உடலில் பாய்ந்த அம்பு முனையை வெளியே எடுக்கும் கரண்டி ஒன்று அவற்றில் இருக்கிறது. வீட்டின் தரையைக் கண்ணாடிக் கூடத்துக்குள் நடைபாலத்தில் நின்று பார்க்கலாம், கருவிகள் பக்கத்து அருங்காட்சியகத்தில். இரண்டுக்கும் ஒரே டிக்கெட், திங்கட்கிழமை விடுமுறை. பதினொரு வயதுப் பையனுக்கு இந்த வாரத்திலேயே சிறந்த இடம் இதுவாகவும் இருக்கலாம். மலதெஸ்தா கோவிலுக்குப் போனால் ஓவியர் ஜொத்தோ வரைந்த சிலுவையும் ஓவியர் பியெரோ தெல்லா பிரான்செஸ்காவின் 1451 சுவரோவியமும் உண்டு. ஆனால் மதியம் பூட்டிவிடுவார்கள். பதினொன்றுக்கு முன் போங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். கடற்கரை உடையில் வந்து வாசலோடு திரும்புபவர்களைத் தினமும் காணலாம்.

இந்த ரிமினிக் காலையை எந்த நாளென்று குறித்துவைக்காதீர்கள். வானம் மூடும் நாளுக்கு வைத்திருங்கள். மேகம் வந்தால் கடற்கரை முழுவதும் எழுந்து ராவென்னாவுக்கும் சான் மரீனோவுக்கும் கிளம்பிவிடும். அன்றைக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் நிற்க இடமிருக்காது. வெயில் நாளில் நீங்கள் அங்கே போங்கள், மேகநாளில் ரிமினியில் இருங்கள். ராவென்னாவுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு வேண்டாம். அன்று அரசு அருங்காட்சியகங்கள் இலவசம் என்பதால் ஊரில் கூட்டம் கூடும், உங்கள் மறைமாவட்ட டிக்கெட்டுக்கோ சலுகை ஒன்றும் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர்பினோ மிகச் சிறந்த ஊர், ஓவியர் ரஃபேல் பிறந்த ஊர். ஆனால் பெஸாரோ வரை ரயில், அங்கிருந்து ஒரு மணி நேரத்தை ஒட்டிய பஸ், இறங்கியபின் செங்குத்துத் தெருக்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் குறைவு. அப்பாவோடு வேண்டாம். பொலோன்யாவைக் கிளம்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவு விமானம் என்கிறீர்கள். காலையில் ரயிலில் போய், நிலையத்திலேயே பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு ஊரைச் சுற்றலாம். தெருவுக்குத் தெரு கூரை போட்ட நடைவழிகள், மொத்தம் அறுபது கிலோமீட்டருக்கு மேல், வெயிலோ மழையோ படாது. அங்குள்ள இரண்டு சாய்ந்த கோபுரங்களில் ஒன்றில் ஏறலாம் என்று பழைய கையேடுகளில் இருக்கும். கரிசெந்தா கோபுரம் மேலும் சாயும் அபாயத்தால் 2023 அக்டோபரில் அந்தப் பகுதியை அடைத்துவிட்டார்கள், அதை நம்பிப் போகவேண்டாம். நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு ஒற்றைத் தண்டவாள வண்டி, ஏழெட்டு நிமிடம். இரவுப் படகைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மகன் கேட்டால் போங்கள். மாலையொன்று மீதமிருந்தால் அதைவிட செஸெனாத்திகோ நல்லது. ராவென்னா ரயில் பாதையிலேயே இருக்கிறது. 1502-இல் லியனார்டோ டா வின்சி அளந்து வரைந்த கால்வாய்த் துறைமுகம். பழைய மீன்பிடிப் படகுகள் வண்ணப் பாய்களோடு தண்ணீரிலேயே காட்சிக்கு நிற்கின்றன.

கடற்கரைக் குடை வாடகையை வாரம் முழுமைக்கும் கட்டிவிடாதீர்கள். வெளியே போகும் நாளுக்குப் பணம் திரும்பாது. நாள் கணக்கிலோ மதியத்துக்கு மேல் மட்டுமோ என்ன விலை என்று கேளுங்கள். இரவுச் சாப்பாடு ஏழரை மணியை ஒட்டி ஒரே பந்தி. ராவென்னா நாளன்று பிந்தலாம் என்றால் காலையிலேயே சொல்லிவைத்தால் ஆறிய தட்டு ஒன்று எடுத்துவைப்பார்கள், சொல்லாவிட்டால் சமையலறை மூடியிருக்கும்.

அம்மாவின் சாப்பாட்டுக்கு ஒரு வாரம் முன்பே ஹோட்டலுக்கு எழுதுங்கள். இறைச்சி, மீன், முட்டை, விலங்குக் கொழுப்பு, இறைச்சிச் சாறு வேண்டாம் என்று ஐந்தையும் தனித்தனியாக எழுதவேண்டும். சைவம் என்று மட்டும் எழுதினால் முட்டையும் சாறும் வந்துவிடும். அந்த வட்டாரத்தில் தல்யாதெல்லே முதலிய புதுப் பாஸ்தா எல்லாம் முட்டை மாவு. ஸ்த்ரோசாப்ரேத்தி என்ற திருகிய பாஸ்தா வழக்கமாக மாவும் தண்ணீரும் மட்டும்; தக்காளிச் சாற்றோடு கேட்கலாம், ஆனால் அந்தக் கடையில் முட்டை சேர்க்கிறார்களா என்று கேட்டுவிட்டு. ரிசோத்தோ என்ற அரிசிச் சாப்பாட்டையும் சூப்பையும் விட்டுவிடுங்கள், பெரும்பாலும் இறைச்சிச் சாறு. பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் ரெனெட் உண்டு; அது பாலைத் திரையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது. வெளியே போகும் நாளுக்கு எளிதில் கிடைப்பது பியாதீனா, நம் சப்பாத்தியைவிடத் தடிமனான ரொட்டி. அதன் மாவில் பழைய வழக்கப்படி பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், பல கடைகளில் இன்றும் அப்படித்தான். ஆலிவ் எண்ணெயில் செய்ததும் உண்டு. "கொன் ஒலியோ, சென்ஸா ஸ்த்ரூத்தோ" என்று கேளுங்கள், எண்ணெயில், கொழுப்பில்லாமல். உள்ளே சுட்ட கத்தரிக்காய், தக்காளி, ருக்கோலா கீரை வைத்துத் தரச் சொல்லலாம். ஹோட்டல்களில் இரவு உணவோடு காய்கறிப் பந்தி தனியாக வைப்பது ரிமினியில் பரவலான பழக்கம். பழமும் வெறும் தயிரும் எந்தச் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். முதல்நாள் மாலையே வாங்கி அறைக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

அன்புடன்